ஐஸ் மீன்பிடிச் சாமான் எல்லாம் பெட்டிக்குள்ளேயே துருப்பிடித்துவிட்டது. நீங்கள் எப்படி அடுக்கி வைக்கிறீர்கள்?

பேரிவாசி:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். மூன்று வருடமாக ஒன்டாரியோவில் பேரி நகரத்தில் இருக்கிறேன். ஊரில் கண்மாய்க் கரையில் மூங்கில் கம்பில் நரம்பு கட்டி மீன் பிடித்ததோடு சரி. போன குளிர்காலத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவர் சிம்கோ ஏரிக்கு, இங்கே பக்கத்திலிருக்கும் கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவுக்குக் கூட்டிப்போனார். உறைந்த ஏரி மேல் நடந்துபோய், ஓட்டை போட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து பெர்ச் என்ற மீன் பிடித்தோம். அன்றையிலிருந்து வேறு நினைப்பே இல்லை. சீசன் முடிவதற்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டேன்.

பிரச்சினை சாமானை வைப்பதில்தான். ஏப்ரலில் எல்லாவற்றையும் பெட்டியோடு மூடி அலமாரியில் போட்டேன். டிசம்பரில் திறந்து பார்த்தால் பாதி முள் துருப்பிடித்திருக்கிறது. ரப்பர் புழுக்கள் உருகிப் பெட்டியின் அடியோடு ஒட்டிக் கிடக்கின்றன. அதன் பக்கத்தில் வைத்த ஜிக் (முள்ளோடு சேர்ந்த சின்ன உலோகக் குண்டு) இரண்டின் பெயின்டும் வழிந்துவிட்டது. அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன்.

சரி, சாமான்தான் புதிது, பழக்கம் பழையது. போன சனிக்கிழமை மைனஸ் 14 டிகிரி. ஐசுக்கு அடியில் மீன் இருப்பதைக் காட்டும் ஃபிளாஷர் கருவியில் ஒரு கூட்டம் வந்து நிற்பது தெரிகிறது. சின்ன ஜிக்குக்கு மாறலாம் என்று பெட்டியைத் திறந்தால் மூடி உறைந்துபோயிருக்கிறது. கிளவுஸைக் கழற்றி, நகத்தால் நெம்பித் திறந்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஜிக்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நெருஞ்சி முள் உருண்டை மாதிரி இருந்தன. ஒன்றைப் பிரித்தெடுப்பதற்குள் விரல் மரத்துவிட்டது, மீனும் போய்விட்டது.

நாங்கள் இருப்பது எட்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட். கராஜ் கிடையாது. மகளுக்கு மூன்று வயது, கைக்கு எட்டியது எதுவும் தப்பாது. என்ன பெட்டி வாங்கலாம், எதை எதோடு வைக்கலாம், வெயில் காலத்தில் எங்கே வைக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஏரிக்கரை_மினசோட்டா:

நண்பருக்கு வணக்கம். பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரிய பெட்டி வாங்காதீர்கள். நான் முதலில் மூன்று அடுக்குப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஸ்லெட்டில் அதைத் தூக்கி வைப்பதே ஒரு வேலை. ஏரிக்குப் போனால் அதிலிருந்து நான்கைந்து சாமானுக்கு மேல் எடுத்ததில்லை. இப்போது உள்ளங்கை அளவில், இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிகள் மட்டும்தான். மூடியில் ரப்பர் வளையம் உள்ளவை உருகும் பனியை உள்ளே விடாது. ஆனால் உள்ளே ஈரம் இருந்தால் அதை வெளியேயும் விடாது, அதனால் மூடும்முன் கவனம்.

ரப்பர் புழுவை அது வந்த பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். அந்த ரப்பரை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து கெட்டிப் பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் கரைக்கும். உங்கள் ஜிக்கில் பெயின்ட் வழிந்ததற்குக் காரணம் அதுதான். வேறு வேறு கம்பெனி ரப்பரை ஒரே பையில் போட்டாலும் சில நேரம் ஒன்றையொன்று உருக்கிவிடும்.


பழைய_கட்டுமரம்:

தம்பி, நான் டொரன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். சிம்கோ ஏரி ஐசில் இறங்கி இது இருபத்திரண்டாவது குளிர்காலம். நீங்கள் முள் என்று எழுதியதைத்தான் நாங்கள் தூண்டில் என்று சொல்வோம், உங்கள் நரம்பு எங்களுக்குத் தங்கூசி. நான் எழுதுவதை அப்படியே விளங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. துரு வருவது ஏரியில் இல்லை, வீட்டில். ஏரியிலிருந்து வரும்போது ஒவ்வொரு ஜிக்கிலும் ஒரு துளி ஐஸ் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை அப்படியே பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டு வருகிறோம். வீட்டுச் சூட்டில் அது தண்ணீராகிறது. போக வழியில்லை. ஈரமான தூண்டில் ஒன்று போதும், பக்கத்தில் கிடக்கும் பத்தையும் கெடுக்கும்.

அதனால் என்னுடைய முதல் பழக்கம் இது. தண்ணீர் தொட்ட ஜிக் திரும்பப் பெட்டிக்குள் போகாது. கோட்டின் இடது பையில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன், இருமல் மிட்டாய் வந்த டப்பா. கழற்றிய ஜிக் எல்லாம் அதற்குள். வீட்டுக்கு வந்ததும் குசினி மேசையில் ஒரு பழைய துவாயை விரித்து அந்த டப்பாவைக் கொட்டுவேன். ஒவ்வொன்றையும் துவாயின் ஓரத்தால் ஒற்றி, ஒன்றுக்கொன்று முட்டாமல் பரப்பிவிட்டு நித்திரைக்குப் போய்விடுவேன். காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அதனதன் அறையில் வைப்பேன். பத்து நிமிடம் கூட ஆகாது. அந்த நேரத்தில்தான் எதன் முனை மழுங்கிவிட்டது, எதில் தங்கூசி கட்டும் கண் பெயின்டால் அடைத்திருக்கிறது என்பதும் தெரியவரும்.

அன்றைக்குத் திறக்காத பெட்டிகளை வீட்டுக்கு வந்தவுடன் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே வந்தால் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த இரும்பிலும் அதேதான் நடக்கும், வீட்டுக் காற்றில் உள்ள ஈரம் முழுவதும் அதில் வந்து படியும். இரண்டு மூன்று மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். சூடு ஏறிய பிறகு திறந்து, அன்றிரவு திறந்தபடியே விடுங்கள்.

கீறிய ஃபோம் பஞ்சுப் பட்டையில் தூண்டிலைக் குத்தி வைக்கும் பெட்டிகள் கடையில் வடிவாக இருக்கும். நானும் இரண்டு வாங்கினேன். பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், இழுத்துப் பார்த்தால் வளைவில் சிவப்பு. இப்போது நான் செய்வது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் மெல்லிய காந்தத் தாளை வெட்டிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுவது. ஜிக்கின் டங்ஸ்டன் உலோகம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அதற்குள் இருக்கும் தூண்டில் உருக்கு, அது ஒட்டும். பெட்டி கவிழ்ந்தாலும் ஜிக் இருந்த இடத்தில் இருக்கும், ஒன்றோடொன்று பின்னாது.

இனி அடுக்குவது. நானும் முதலில் ஜிக் எல்லாம் ஒரு பெட்டி, கரண்டி (கரண்டி வடிவத் தகட்டில் தூண்டில் மாட்டியது) எல்லாம் ஒரு பெட்டி, ஈயம் எல்லாம் ஒரு பெட்டி என்று வைத்திருந்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு பெர்ச் பிடிக்க மூன்று பெட்டி திறக்க வேண்டும். அப்பா நினைவுக்கு வந்த பிறகுதான் அதை மாற்றினேன்.

அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் தொழில் செய்தவர். நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் கட்டிக் கடலில் விடும் தொழில். பின்னேரம் முற்றத்தில் இருந்து அந்தக் கயிற்றைப் பனையோலைக் கடகத்துக்குள் வளையம் வளையமாக இறக்குவார். கடகத்தின் வாயைச் சுற்றித் தும்புக் கயிறு கட்டியிருக்கும். ஒவ்வொரு தூண்டிலையும் அந்தத் தும்பில் வரிசையாகக் குத்திக்கொண்டே வருவார். கடைசியாகக் கடலில் இறங்க வேண்டியது முதலில் குத்தப்படும், முதலில் இறங்க வேண்டியது கடைசியில். இரவு, தோணி ஆடும்போது, வெளிச்சம் இல்லாமல் அவர் கை ஒவ்வொன்றாக எடுக்கும். ஒருமுறை கூடக் குனிந்து பார்த்ததை நான் காணவில்லை.

ஐசிலும் இதேதான் வேண்டும். கண் பார்க்காமல் கை எடுக்க வேண்டும். அதனால் இப்போது மீனைப் பார்த்து அடுக்குகிறேன். சிம்கோ ஏரியின் குக்ஸ் பே விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, அங்கே பெர்ச்சுக்குப் போனால் பெர்ச் பெட்டி ஒன்றுதான், நெஞ்சுப் பையில். அதற்குள்ளேயே 3, 4, 5 மில்லிமீற்றர் டங்ஸ்டன் ஜிக், இரண்டு சின்னக் கரண்டி, தங்கூசி முறுகாமல் இருக்க ஒரு சுழலி. டங்ஸ்டன் ஈயத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் சிறிய ஜிக் கூடக் கெதியாக இறங்கும். கூட்டம் போவதற்குள் தூண்டில் அங்கே நிற்க வேண்டும் அல்லவா. கெம்பன்ஃபெல்ட்டின் ஆழத்துக்கு லேக் ட்ரவுட், வைட்ஃபிஷ் தேடிப் போனால் அதற்கு வேறு பெட்டி. ஸ்வீடிஷ் பிம்பிள், ஜிகிங் ராப், வில்லியம்ஸ் கரண்டி என்று அந்த மீன்களுக்கான போலி இரை எல்லாம் அதில். ட்ரவுட் பருவம் முடிந்த அன்றைக்கே அந்தப் பெட்டியைக் காய வைத்து, மூடி, உள்ளே தூக்கிவிடுவேன். பெர்ச் பெட்டி ஐஸ் இருக்கும்வரை கோட்டில் கிடக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் சோபாவில் இருந்து, கையுறையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியைத் திறந்து 4 மில்லிமீற்றர் ஜிக்கை எடுங்கள். முடியாவிட்டால் ஒன்றில் பெட்டி பிழை, அல்லது அடுக்கு பிழை. பூட்டு இறுக்கமான மலிவுப் பெட்டி மைனஸ் 20இல் முறிந்துபோகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெட்டியைத் திறக்கவே தேவையில்லாமல் போவதுதான் நல்லது. ஒன்ராறியோவில் ஐசில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தங்கூசி போடலாம். நான் மூன்று கம்பு கொண்டுபோவேன். மூன்றிலும் வீட்டிலேயே, சூடான கையால், வேறு வேறு ஜிக் கட்டியிருக்கும். ஐசில் முடிச்சுப் போடுவதைப் போலக் கொடுமை இல்லை.

பெரிய தூண்டில் கட்டிய தங்கூசிகளுக்கு, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் சாம்பல் நிறப் பஞ்சுக் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். தூண்டிலை அதில் குத்திவிட்டுத் தங்கூசியைச் சுற்றினால் போதும். காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும், இதுவும் பஞ்சுதான்.


முல்லைக்கொடி:

அண்ணை சொன்னதெல்லாம் சரி. நான் சின்னப் பிள்ளை இருக்கிற வீடு என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் நான் ஐஸ் மீன்பிடிக்கத் தொடங்கியபோது கைக்குழந்தைகள்.

முதலில் ஈயம். மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் ஈயக்குண்டே வேண்டாம். இருப்பதையெல்லாம் டங்ஸ்டன், வெள்ளீயம், உருக்கு என்று மாற்றிவிடுங்கள். செலவு கூடத்தான், ஆனால் ஒரு பெர்ச் பெட்டிக்கு எவ்வளவு குண்டு தேவை? ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. லூன் பறவைகள் ஈயக்குண்டை விழுங்கிச் சாவதால், கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் ஏற்கெனவே தடை. பறவைக்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாது.

அடுத்தது எண்ணிக்கை. 24 அறை உள்ள பெட்டி வாங்குங்கள், ஒரு அறைக்கு ஒரு ஜிக். அண்ணை மேசையில் துவாய் விரிக்கச் சொன்னார். நீங்கள் விரிக்கும்போது மகள் தூங்கியிருக்க வேண்டும், இரவு முழுக்கக் காய்வதை உயரத்தில், பூட்டுள்ள இடத்தில் தட்டோடு வைக்க வேண்டும். காலையில் ஒரு அறை காலியாக இருந்தால் அந்த ஜிக் எங்கே என்று தெரியும்வரை பிள்ளையைத் தரையில் விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை 3 மில்லிமீட்டர் ஜிக் ஒன்று கார்பெட்டில் விழுந்து, முழங்காலில் நின்று டார்ச் அடித்துத் தேடி எடுத்தோம். எண்ணாமல் இருந்திருந்தால் யாரும் தேடியிருக்கவே மாட்டோம். காந்தத் தாள் ஒட்டுங்கள், உருண்டைக் காந்தம் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்கு ஆபத்து.

பேட்டரி. ஃபிளாஷரில் லித்தியம் பேட்டரி என்றால் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது, உள்ளே கெட்டுவிடும். வீட்டுக்கு வந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். வெயில் காலத்துக்குப் பாதி சார்ஜில் வையுங்கள். பழைய ஈய-அமில பேட்டரி என்றால் நேர்மாறு, அதை முழு சார்ஜில் வைத்து, இடையிடையே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக, கூடாரத்துக்குள் சூடு போட புரொபேன் சிலிண்டர் வாங்கியிருந்தால் அதை அபார்ட்மென்ட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அலமாரியிலும் வேண்டாம், கட்டடத்தின் அடித்தளத்து லாக்கரிலும் வேண்டாம். புரொபேன் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். தனிவீடு உள்ள நண்பரிடம் சொல்லி வெளியே, நிமிர்த்தி, காற்றோட்டமாக வைக்கச் சொல்லுங்கள்.


பேரிவாசி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஈயக்குண்டு அத்தனையையும் ஒரு டப்பாவில் போட்டு ஒட்டி, நகரத்தின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். 24 அறைப் பெட்டி வாங்கி அடியில் காந்தத் தாள் ஒட்டியாயிற்று. சிலிண்டர் இப்போது அந்த ஆபீஸ் நண்பர் வீட்டுப் பின்புறத்தில் இருக்கிறது.

அண்ணா, கண்ணை மூடி எடுக்கும் சோதனையில் முதல் நான்கு தடவையும் தோற்றேன். அறைகளை மாற்றி, இடது ஓரம் முழுக்க 4 மில்லிமீட்டர் என்று வைத்த பிறகு வந்தது. நேற்று மைனஸ் 11இல் கிளவுஸ் கழற்றாமலே ஜிக் மாற்றினேன். கூட்டம் அங்கேயே நின்றது. பதினான்கு பெர்ச். ராத்திரி வீட்டம்மா வறுத்த கையோடு, ஜிக்குகளை டவலில் ஒற்றி, தட்டோடு அலமாரி உச்சியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

இன்னும் இரண்டு கேள்வி. கூடாரமும், ஐசில் ஓட்டை போடும் ஓகரும் பால்கனியில் கிடக்கின்றன. வருடம் முழுக்க அங்கேயே விடலாமா? அப்புறம், உங்கள் அப்பாவின் கடகம் இன்னும் இருக்கிறதா? ஒரு படம் போட்டால் நன்றாக இருக்கும்.


பழைய_கட்டுமரம்:

பதினான்கு நல்ல பிடி தம்பி, சந்தோஷம்.

கூடாரத்தைப் பால்கனியில் விட வேண்டாம். கோடை வெயில் துணியைத் தின்னும். ஏப்ரலில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, விரித்து, தையல் மடிப்புகளும் காயும்வரை விட்டு, பிறகு தளர்வாகச் சுருட்டி உள்ளே வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் கறுப்புப் புள்ளி விழும், பிறகு போகாது. எலி வரும் கட்டடம் என்றால் உயரத்தில் வையுங்கள்.

ஓகரின் அலகைக் கழற்றித் துடையுங்கள். ஏரித் தண்ணீரில் உப்பில்லை என்று விட்டுவிடுவோம், ஆனால் காரின் பின்பக்கம் முழுவதும் வீதிக்குப் போடும் உப்பு. எனக்கு ஒரு சோடி அலகு அப்படித்தான் ஒரே மாதத்தில் போனது. வெந்நீரில் கழுவி, காய வைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை இழுத்துவிட்டு உறையைப் போட்டு உயரத்தில் பூட்டி வையுங்கள். விரலில் பட்டால் எலும்புவரை இறங்கும். ரீலில் இழுவிசைத் திருகை முழுக்கத் தளர்த்திவிடுங்கள், உள்ளே இருக்கும் வட்டுகள் கோடை முழுக்க நசுங்கிக் கிடக்கக் கூடாது. இரைக்குக் குஞ்சு மீன் கொண்டுபோன வாளித் தண்ணீரை ஏரியிலும் கரையிலும் ஊற்ற வேண்டாம், நீர்நிலையிலிருந்து 30 மீற்றருக்குள் ஊற்றக் கூடாது என்பது சட்டம்.

கடகம் இல்லைத் தம்பி. 1990 ஆனியில் சண்டையால் மயிலிட்டியை விட்டு எழும்பியபோது கையில் கிடைத்ததை மட்டும்தான் எடுத்தோம். 2017இல் இராணுவம் துறைமுகத்தை மக்களிடம் திரும்பக் கொடுத்த பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வீடு நின்ற இடத்தில் பற்றை. கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது, அதை வைத்துத்தான் முற்றம் எது என்று கண்டுபிடித்தேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். விழுந்தால் ஐசில் குத்தி ஏறும் கைக்குத்தூசி இரண்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது. வீட்டில் கோட்டின் கழுத்திலேயே தொங்கட்டும், உறை போட்டு, மகளுக்கு எட்டாத கொளுவியில். கோட்டை மாட்டும்போது அதுவும் கூடவே வர வேண்டும்.